ஒன்பதாம் மைல் மனு கொடுக்கப் போனது

வேடியூர் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து, மேற்குப் பாதிக்குப் பழைய பெயரையே விட்டுவைத்து, கிழக்குப் பாதிக்குச் சந்தனப்பள்ளி என்று புதுப்பெயர் சூட்டி, அதற்கு ஓர் ஆட்சியரையும் அவருக்கு ஒரு வெள்ளைக் காரையும் கொடுத்து, ஊர் ஊராகப் பட்டாசு வெடித்து லட்டு வழங்கிய அந்த ஆண்டில், இரண்டு மாவட்டத்துக்கும் நடுவே கருங்கல் மேட்டின் மேல் அறுபத்தொரு வீடுகளோடு உட்கார்ந்திருந்த ஒன்பதாம் மைல் என்கிற ஊருக்கு மட்டும் லட்டு வரவில்லை. மேற்கேயிருந்து வந்த கூடை ஓடைக்கரையில் நின்று, "அக்கரையை சந்தனப்பள்ளிக்காரங்க பார்த்துக்குவாங்க" என்று திரும்பியது. கிழக்கேயிருந்து வந்த கூடை புளியமரத்தடியில் நின்று, "இதுக்கு அந்தாண்ட வேடியூரு" என்று திரும்பியது. ஓடைக்கும் புளியமரத்துக்கும் நடுவில் நின்று இரண்டு கூடைகளும் போவதைப் பார்த்தவள் மாதம்மா. லட்டு போனதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் லட்டு எங்கே நிற்கிறதோ அங்கேதான் இனி எல்லாமும் நிற்கும் என்று அவளுக்கு அப்போதே தோன்றிவிட்டது.

அப்படியேதான் ஆனது. மின்கம்பம் நட்டுக்கொண்டு வந்தவர்கள் கடைசிக் கம்பத்தைப் புளியமரத்தடியில் நட்டுவிட்டுக் கைகழுவினார்கள். குடிநீர்க் குழாய் பதித்துக்கொண்டு வந்தவர்கள் ஓடைக்கரையில் குழாயின் வாயை அடைத்து மண் மூடினார்கள். வாக்காளர் பட்டியல் ஒரு பக்கம் நின்றது, ரேஷன் அரிசி இன்னொரு பக்கம் நின்றது, தார்ச்சாலை இரண்டு பக்கமும் நின்றது. ஒருகாலத்தில் வேடியூரிலிருந்து கிழக்கே பெரிய ரோடு போட வந்து, ஒன்பதாவது மைல்கல்லுக்குப் பக்கத்தில் குடிசை போட்டு, கல் உடைத்து, அங்கேயே பெற்று வளர்த்துத் தங்கிவிட்டவர்களின் ஊர் அது. பிறகு அந்த ரோட்டைத் தெற்கே தள்ளி நேராக்கிவிட்டார்கள். மைல்கல்லையும் யாரோ பெயர்த்துப்போனார்கள். பெயர் மட்டும் மிஞ்சியது.

மாதம்மா பதினாலு வருடம் ரோடு வேலைக்குப் போனவள். ரோடு ரோலருக்கு முன்னால் ஜல்லி பரப்பிக்கொண்டே நடந்து நடந்து, தரை எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே மேடு தட்டுகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் உள்ளங்காலால் சொல்லிவிடுவாள். எட்டாவது வரை படித்தவள், கையெழுத்து வரிசை கோணாது. அதனால் ஊருக்காக மனு எழுதுவதும், எழுதியதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை தோறும் ஏதாவது ஒரு மாவட்டத்தின் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போவதும் அவள் தலையில் விழுந்தது. வேடியூரில் மனுவை வாங்கிப் பார்த்து, "இது சந்தனப்பள்ளிம்மா" என்பார்கள். சந்தனப்பள்ளியில் வாங்கிப் பார்த்து, "இது வேடியூர் ஆச்சேம்மா" என்பார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். உட்காரச் சொல்லித்தான் சொன்னார்கள்.

மாவட்டம் பிரிந்த மூன்றாம் வருடம் மழைக்காலத்தில், பட்டப்பகலில், மாதம்மாவின் கொழுந்தன் பெண்டாட்டி அஞ்சலாவைக் கட்டுவிரியன் தீண்டியது. போன் போட்டார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆம்புலன்ஸ் வந்தது. மேற்கே வந்தது ஓடைக்கரையிலும் கிழக்கே வந்தது புளியமரத்தடியிலும் நின்று, விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு, உள்ளே போகவேண்டியது மற்றதுதான் என்று காத்திருந்தன. அஞ்சலாவைக் கட்டிலோடு தூக்கிய ஆண்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றார்கள். பிறகு ஓடினார்கள். அஞ்சலா பிழைக்கவில்லை. அதற்குப் பின் மாதம்மா எழுதிய ஒவ்வொரு மனுவின் முதல் வரியிலும் அஞ்சலாவின் பெயர் இருந்தது. கட்டிலோடு நின்ற அந்த ஒரு நிமிஷத்தை அவளால் யாருக்கும் மன்னிக்க முடியவில்லை, தனக்கும் சேர்த்து.

அடுத்த வருடம் தை மாதத்தில், நகர் ஊரமைப்பு அலுவலகத்திலிருந்து நில அளவர் ஒருவர் ஓடையைத் தாண்டி உள்ளே வந்தார். தணிகாசலம் என்று பெயர். ஐம்பதை நெருங்கிய ஆள், சட்டைப்பையில் மூன்று நிறத்தில் பேனா, அக்குளில் சுருட்டிய வரைபடம். மாதம்மா வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். அவள் சொம்பைக் கொடுத்துவிட்டு வரைபடத்தைக் காட்டச் சொன்னாள். ஐந்து வருடத்தில் வரப்போகிற புது நகரத்தின் முழுமைத் திட்டம் அது. பேருந்து நிலையம் நீலத்தில், பூங்கா பச்சையில், சந்தை மஞ்சளில் இருந்தன. ஓரத்தில் ஓர் இடம் மட்டும் வெள்ளையாக விட்டிருந்தது.

"இது என்னா சார், வெள்ளையா?"

"காலியிடம்மா."

"அதுலதான் சார் நீங்க நிக்கிறீங்க. கையில எங்க வூட்டுச் சொம்பு இருக்குது."

தணிகாசலம் சொம்பைப் பார்த்தார், காலடியைப் பார்த்தார். "வருவாய்த் துறை வரைபடத்துல ஓடையும் புளியமரமும் ஒட்டிக்கிட்டு இருக்குது, நடுவுல கோடு மட்டும். எங்க வரைபடத்துல கருப்புப் பாறை, காலியிடம்னு இருக்குது. ரெண்டுலயும் ஊர் இல்லம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"காலியிடத்துல என்னா வரப்போவுது?"

அவர் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்த பிறகுதான் பதில் சொன்னார். "ரெண்டு மாவட்டத்துக்கும் பொதுவா குப்பைக் கிடங்கு. நாற்பது நாள் கெடு. அதுக்குள்ள எல்லாரும் காலி பண்ணிக்கணும்."

"காலியிடத்தை எப்படி சார் காலி பண்ணுறது?"

அவர் வரைபடத்தைச் சுருட்டினார். நோட்டீஸை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் கிணற்றடியில் ஊர் கூடியது. ஒருவர் சாலை மறியல் என்றார், ஒருவர் கோர்ட் என்றார், இன்னொருவர் வேறு இடம் பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். மாதம்மா கடைசியாகப் பேசினாள். "நான் ஒருத்தி போயிப் போயி வந்ததுல என் செருப்புதான் தேஞ்சது. ஊர்னு ஒண்ணு இருக்குதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. ஊரே எழுந்து போயி எதிர்ல நின்னாத்தான் உண்டு." அலுப்பில் சொன்னதுதான். சொல்லிவிட்டு, சுமந்த குடத்தோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒன்பதாம் மைல் கிளம்பியது.

முதலில் தெரிந்துகொண்டது மாதம்மாவின் உள்ளங்கால்தான். அடுப்பை மெழுகிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். தரை ஆடவில்லை, அதிரவில்லை. நிறைகுடம் சுமந்தவள் நடப்பதுபோல, தளும்பாமல், அவசரமில்லாமல், நிமிஷத்துக்கு ஓர் எட்டாக, அறுபத்தொரு வீடும் ஒரு கிணறும் பதினெட்டு வேப்பமரமும் கோயிலும் அவற்றுக்குக் கீழிருந்த கருங்கல் மேடும் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. எந்த அரசாங்கமும் அதைக் கம்பியால் கட்டியிருக்கவில்லை, குழாயால் பிணைத்திருக்கவில்லை, ரோட்டால் இழுத்துப் பிடித்திருக்கவில்லை. அதனால் அவிழ்க்க வேண்டிய முடிச்சு எதுவும் இல்லாமல் ஊர் சுலபமாக எழுந்து போனது.

கல்குவாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷன் முனிராஜிடம் வந்து சொன்னாள். "மாமா, ஊர் போவுது."

"எந்தப் பக்கம்?"

"கிழக்கால."

முனிராஜ் வாசலுக்கு வந்து புளியமரத்தைப் பார்த்தார். அது கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தது. "சரி, சோத்தைக் கட்டு. சாயங்காலம் எங்க இருப்பீங்கன்னு சொல்லு, நேரா அங்க வந்துடுறேன்."

மாதம்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள். "புளியமரத்துக்கு அந்தாண்ட, சோளக்காட்டு வரப்புல பாரு."

அங்கேதான் இருந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு ஊர் நின்றது. மறுநாள் எட்டு மணிக்கு மறுபடி கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமையும் நடந்தது. நாளுக்கு அரைக் கிலோமீட்டர். மூன்றாம் நாளுக்குள் ஊருக்கு அது பழகிவிட்டது. வடக்கு வாசல் வீடுகள் வடக்கு வாசலாகவே இருந்தன. வேப்பமரத்தில் கூடு கட்டிய காக்கைகள் காலையில் பறந்துபோய், சாயங்காலம் பழைய இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு கிழக்கே வந்து சேர்ந்தன. ஐந்தாம் நாள் அவை நேராகவே வந்தன. ஆடு மேய்க்கப் போகிறவர்கள் போகும்போதே சாயங்காலத்துக் கணக்கைக் கேட்டுக்கொண்டு போனார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மாதம்மாவின் மகள் கோமளா, ஊர் நடப்பதால் தனக்குத் தலைசுற்றல் நின்றுவிட்டதாகச் சொன்னாள். வயிற்றுக்குள் இருப்பதும் அந்த நேரத்தில் உதைக்காமல் தூங்குகிறது என்றாள்.

தணிகாசலம் ஐந்தாம் நாள் சங்கிலியும் கருவியும் எடுத்துக்கொண்டு கிடங்குக்கு எல்லைக்கல் நட வந்தார். ஓடையைத் தாண்டிக் காலை வைத்தார், கால் புளியமரத்து வேரில் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. பாறையும் இல்லை, பள்ளமும் இல்லை. இரண்டு மாவட்டத்தின் மண்ணும் தைத்ததுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. வலது கையால் மரத்தைத் தொட்டுக்கொண்டு இடது காலை ஓடையில் நனைத்தபடி அவர் வெகுநேரம் நின்றார். வருவாய்த் துறை வரைபடத்தை விரித்துப் பார்த்தார். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் வரைபடமும் தரையும் ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் பொருந்தியதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். கிடங்குக்கு நிலம் இல்லை, ஊர் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது என்று மேலதிகாரிக்கு எழுதினார். "சரியாக அளந்து தெரிவிக்கவும்" என்று பதில் வந்தது. எனவே அவர் ஊரைத் தேடிப் பிடித்து, அதன் பின்னாலேயே நடந்து, தினமும் அளக்கத் தொடங்கினார். மத்தியானச் சாப்பாடு மாதம்மா வீட்டில் என்று தானாக ஏற்பட்டுவிட்டது.

வழியில் இருந்தவர்கள் முதலில் பயந்தார்கள். சின்னக்கண்ணு என்கிற விவசாயி கையில் தடியோடு தன் சோளக்காட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

"கதிர் முத்தியிருக்குது. என் காட்டுல ஏறாதீங்க."

"நாங்க ஓட்டலைங்க அண்ணா. அது போவுது," என்றாள் மாதம்மா. "நிறுத்தத் தெரிஞ்சா நிறுத்திக்குங்க."

ஊர் வந்தது. சோளத் தட்டைகள், பெரியவர்கள் வரும்போது எழுந்து வழிவிடுகிற சனங்களைப்போல, இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றன. ஊர் போன பிறகு பழைய இடத்துக்கு வந்து நிமிர்ந்தன. ஒரு கதிர் ஒடியவில்லை. சின்னக்கண்ணு பின்னாலேயே போய் ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு தடியை வரப்பில் போட்டுவிட்டு, வீட்டிலிருந்து ஒரு தவலை கம்பங்கூழ் கொண்டுவந்து இறக்கினார். "எங்கதான் போறீங்க?" என்று கேட்டார்.

"கலெக்டராபீசுக்கு."

சின்னக்கண்ணு யோசித்தார். "எங்க ஏரிக்கு மதகு உடைஞ்சி ஆறு வருஷம் ஆவுது. நாங்க போனா நாளைக்கு வா, அடுத்த வாரம் வாங்கிறாங்க. நீங்க போற வேகத்துக்கு உங்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. எங்க மனுவையும் வெச்சிக்கிறியா தாயி?"

மாதம்மா வாங்கிக்கொண்டாள். அது முதல் மனு. அதற்கப்புறம் எந்த ஊரைத் தாண்டினாலும், கூழோ மோரோ முறுக்கோ கொண்டுவந்தவர்கள் கையில் ஒரு தாளும் இருந்தது. சுடுகாட்டுக்குப் பாதை இல்லாத ஊர், டீச்சர் இல்லாத பள்ளிக்கூடம், ஒரே தெரு இரண்டு ஊராட்சியில் இருப்பதால் பாதித் தெருவுக்கு மட்டும் விளக்கெரிகிற ஊர், கணக்கெடுப்பில் உயிரோடு இருக்கிறவரைச் செத்துப்போனவராக எழுதிவிட்ட ஊர் என்று இருபத்தேழு மனு சேர்ந்தது. மாதம்மா எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, வரிசை கோணியிருந்தவற்றை மட்டும் திருத்தி எழுதி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தாள். அந்த நாட்களில்தான், ரோடு கிடையாது என்று அதுவரை ஒருவரும் பெண் கொடுக்க வராத ஒன்பதாம் மைலுக்கு மூன்று சம்பந்தம் பேசி முடிந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. தங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், மாப்பிள்ளை வீடு கடந்து போனது.

முப்பத்தோராம் நாள் ஊர் ரயில் பாதைக்கு வந்தது. ஐம்பத்தேழாம் எண் கேட். கேட்கீப்பர் அருளப்பன், காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் கையில் எடுத்து வெளியே வந்து, வருவது எது என்று பார்த்தார். பிறகு உள்ளே போய் ஸ்டேஷனுக்கு போன் செய்தார்.

"சார், இங்க ஒரு ஊர் கிராஸ் பண்ணணும்."

"எத்தனை நேரம் ஆகும்?"

அருளப்பன் வெளியே தலையை நீட்டி, "எத்தனை நேரம்மா ஆகும்?" என்று மாதம்மாவைக் கேட்டார். அவள் ஊரின் நீளத்தைச் சொன்னாள். அவர் அதைப் போனில் சொன்னார். ஸ்டேஷன் மாஸ்டர் பாதைக்குச் சேதம் வருமா என்று மட்டும் கேட்டார். சோளத்துக்கே வரவில்லை என்று பதில் போனது. ரயில்கள் வரும்போதெல்லாம் தண்டவாளம் ஊரின் நடுத்தெருவாக இருந்தது. ரயில் ஊருக்குள் புகுந்து ஊரை விட்டு வெளியே போனது, பயணிகள் ஜன்னலோரம் கோழிகளையும் உரல்களையும் பார்த்துக் கையசைத்தார்கள். அருளப்பன் தன் பதிவேட்டில் வாகனத்தின் வகை என்கிற இடத்தில் கொஞ்சம் தயங்கி, "ஊர்" என்று எழுதினார். பெயர் கேட்டார்.

"ஒன்பதாம் மைல்," என்றாள் மாதம்மா.

"இது பத்தொன்பதாம் மைல் இல்லையாம்மா?"

"மைல் அங்கேயே நின்னுடுச்சிங்க. பேரு எங்களோட வருது."

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, கேட் இன்னும் ஊரின் நடுவில் இருக்கும்போதே, கோமளாவுக்கு வலி எடுத்தது. நாள் குறித்திருந்ததற்கு மூன்று வாரம் முன்னால். பனிக்குடம் உடைந்துவிட்டது, குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்த பெண்கள் சொன்னார்கள். மாதம்மா கையில் போனை எடுத்தாள், எடுத்த கை அப்படியே நின்றது. அந்தப் பக்கத்தில் கேட்கப்போகிற முதல் கேள்வி அவளுக்குத் தெரியும். நாலு வருடமாக அந்தக் கேள்விக்கு ஊரில் ஒருவரிடமும் பதில் இருந்ததில்லை. கட்டிலோடு நின்ற ஆண்களின் முகங்கள் அவள் கண்முன்னே வந்தன. போனை எடுத்துக்கொண்டு அருளப்பனிடம் ஓடினாள். அவர் வாங்கிப் பேசினார்.

"இடம் சொல்லுங்க சார்," என்றது போன்.

"ஐம்பத்தேழாம் எண் ரயில்வே கேட்."

"வர்றோம் சார்."

அவ்வளவுதான். எந்த மாவட்டம் என்று யாரும் கேட்கவில்லை. பத்தொன்பது நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் ரோட்டிலிருந்து இறங்கி, எங்கேயும் நிற்காமல், ஊரின் எல்லையைத் தாண்டி உள்ளே வந்து, மாதம்மா வீட்டு வாசலில் நின்றது. ஊர் பிறந்ததிலிருந்து ஒன்பதாம் மைலுக்குள் வந்த முதல் ஆம்புலன்ஸ் அதுதான். அது போனபிறகு பெண்கள் அதன் சக்கரத் தடத்தைச் சுற்றி நின்று, மிதிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு ஆம்புலன்ஸில் கூடப் போயிருந்த முனிராஜ் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். பெண் குழந்தை, தாயும் நலம். மாதம்மா ரயில் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து, அஞ்சலா செத்த அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதாள். அருளப்பன் இரண்டு பக்கமும் பார்த்து, ரயில் வர இன்னும் நேரமிருக்கிறது என்று சொல்லி, அவளை அழவிட்டார்.

நாற்பதாம் நாள் திங்கட்கிழமை. சந்தனப்பள்ளியில் புது ஆட்சியர் அலுவலகம் ஆறு மாடியில் நின்றது. அதற்கு மேற்கே, செம்மண் மைதானம் ஒன்று, எதிர்கால விரிவாக்கத்துக்கு என்று வேலி போட்டுக் காத்திருந்தது. காலை பத்தேகாலுக்கு ஒன்பதாம் மைல் அந்த மைதானத்துக்கு வந்தது. வேலிக்கம்பிகள் சோளத்தைப்போல ஒதுங்கின. மனுவோடு வரிசையில் நின்றவர்கள் வரிசை கலையாமல் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார்கள். ஊர் மெதுவாக அலுவலகச் சுவரை நோக்கி வந்துகொண்டிருக்க, மாதம்மா முன்னால் இறங்கிப்போய் டோக்கன் வாங்கினாள். நூற்றுப் பன்னிரண்டு. தன் முறை வரும் வரை இருபத்தெட்டு மனுக்களை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ஆட்சியர் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். பக்கத்தில் மாவட்டத் திட்ட அலுவலர் சபாபதி, அவர் முகம் சிவந்திருந்தது. மாதம்மா தாள்களை மேஜையில் வைத்தாள்.

"இத்தனையும் உங்க மனுவாம்மா?"

"மேல இருக்கிறது மட்டும் எங்களுது. மத்தது வழியில கொடுத்தாங்க. எழுதியிருக்கேம்மா, ஆனா நீங்க அந்த ஜன்னலைத் திறந்து பார்த்தாலே போதும்."

ஆட்சியர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். கீழே கூரைகளும் கிணறும் துவைத்துப் போட்ட புடவைகளும் நிமிஷத்துக்கு ஓர் எட்டாக நெருங்கிக்கொண்டிருந்தன. அவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, நின்றபடியே மனுவின் முதல் வரியைப் படித்தார். பிறகு உட்கார்ந்து முழுவதையும் படித்தார்.

"மேடம், இது அரசு நிலத்துல ஆக்கிரமிப்பு," என்றார் சபாபதி. "இன்னிக்கே அகற்றணும். விட்டா நாளைக்கு ஊர் ஊரா வந்து உட்காருவாங்க."

"நாங்க யாரு நிலத்துலயும் ஏறலைங்க சார்," என்றாள் மாதம்மா. "எங்க நிலத்து மேலதான் நிக்கிறோம். கையோட கொண்டாந்திருக்கோம்."

ஆட்சியர் நில அளவரைக் கூப்பிட்டார். தணிகாசலம் வந்தார். நாற்பது நாளில் வெயிலில் கறுத்திருந்தார், செருப்பு மாற்றியிருந்தார்.

"அளந்தீங்களா?"

"மூணு தடவை அளந்தேன் மேடம். அரசு மைதானம் எட்டு ஏக்கர், அதுல ஒரு சென்ட் குறையலை. சுவர்ல இருந்து வேலி வரைக்கும் முன்னாடி எவ்வளவு நீளமோ அதே நீளம்தான். நடுவுல இவங்க நிலம் அறுபத்திரண்டு ஏக்கர் தனியா இருக்குது."

"எட்டு ஏக்கருக்குள்ள அறுபத்திரண்டு ஏக்கரா? எப்படி?"

"எப்படின்னு எனக்குத் தெரியாது மேடம். அளந்ததைத்தான் சொல்ல முடியும். அவங்க காலுக்குக் கீழ கருங்கல், நம்ம காலுக்குக் கீழ செம்மண். மாநிலத்துக்கு இப்ப அறுபத்திரண்டு ஏக்கர் கூடியிருக்குது, எந்தப் பதிவேட்லயும் இல்லாத நிலம். பழைய இடத்துல ஓடையும் மரமும் ஒட்டிக்கிச்சு. அங்க குப்பை கொட்ட ஒரு கூடை அளவு இடம்கூட இல்லை." அவர் சட்டைப்பையில் இருந்த பேனாக்களைத் தொட்டுக்கொண்டார். "திட்டத்துல காலியிடம்னு வெள்ளையா விட்டது நான்தான் மேடம். மேஜையில உட்கார்ந்தே விட்டேன். நேர்ல போகலை. போயிருந்தா இவங்க இவ்வளவு தூரம் நடக்க வேண்டி இருந்திருக்காது."

சபாபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆட்சியர் கையைக் காட்டினார். "எந்தப் பதிவேட்லயும் இல்லாத நிலத்தை அரசு நிலம்னு நாம எப்படிங்க சொல்றது? ஆக்கிரமிப்புன்னு எழுதணும்னா எந்த சர்வே எண்ணை எழுதுவீங்க?"

சபாபதி யோசித்தார். நியாயமான மனிதர்தான் அவரும். எழுத எண் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஆட்சியர் ஆறு மாடியும் இறங்கி வந்தார். பின்னால் கோப்புகளோடு அலுவலர்கள், அவர்களுக்குப் பின்னால் மனு கொடுக்க வந்த சனம் எல்லாம். செம்மண் முடிந்து கருங்கல் தொடங்குகிற இடத்தில் அவர் நின்றார்.

"வாங்கம்மா," என்றாள் மாதம்மா. "காலைப் பார்த்து வைங்க, இன்னும் போய்க்கிட்டு இருக்குது."

ஆட்சியர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஒரு மாவட்ட ஆட்சியரின் கால் அந்தப் பாறையில் பட்டது அதுதான் முதல் தடவை. மாதம்மா வீட்டு வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த உரலின் மேல் தாளை வைத்து, ஒன்பதாம் மைல் என்கிற பெயரில் சந்தனப்பள்ளி மாவட்டத்தில் ஒரு புது வருவாய்க் கிராமம், அறுபத்தொரு வீட்டுக்கும் பட்டா, குழாய், மின்சாரம், சாலை என்று வரிசையாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். புள்ளி வைத்தார்.

ஊர் நின்றது.

நாற்பது நாள் நடந்த தரை நின்றதில், ஊரில் இருந்த அத்தனை பேரும் ஒருசேர ஓர் எட்டு முன்னால் தடுமாறி, பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்சியர் மாதம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்காலில் அப்படியொரு நிசப்தத்தை மாதம்மா அதுவரை அறிந்ததில்லை. ஊர் இனி எங்கேயும் போகவேண்டியதில்லை என்று தரையே அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் ஒருமுறை எழும்பித் தளும்பி, சுற்றி நின்றவர்களை நனைத்துவிட்டு அடங்கியது. அப்புறம் கோயிலில் இருந்த பம்பையை யாரோ எடுத்து அடித்தார்கள். கலெக்டராபீஸ் ஆறு மாடியிலும் ஜன்னல்கள் திறந்தன. மத்தியானம் வரை அங்கே யாரும் வேலை பார்க்கவில்லை.

அந்த மாதத்திலேயே கம்பம் வந்தது, குழாய் வந்தது. மற்ற இருபத்தேழு மனுக்களுக்கும் வாரத்துக்கு ஒன்றாக ஆள் போனது. சின்னக்கண்ணு ஊர் ஏரிக்கு மதகு வைத்தார்கள், செத்ததாக எழுதப்பட்டவர் மறுபடி உயிரோடு இருக்கிறவர் ஆனார். ஒரு பெரிய நாட்டில் வரைபடங்களுக்குப் பஞ்சமில்லை, அவற்றில் வெள்ளை இடங்களுக்கும் பஞ்சமில்லை. ஊர் நடந்த செய்தி பரவப் பரவ, எத்தனையோ மாவட்டங்களில் எத்தனையோ அலுவலர்கள் தங்கள் மேஜையிலிருந்து எழுந்து, வெள்ளையாக இருக்கிற இடத்தில் யாராவது இருக்கிறார்களா என்று நேரில் பார்த்து வரப் புறப்பட்டார்கள். அவர்களைப் பழக்கிவிட மாநிலத்தின் நாலா பக்கமும் தணிகாசலத்தைத்தான் அனுப்பினார்கள். முதல் பாடமாக அவர் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

சித்திரை முதல் வாரத்தில் ஒன்பதாம் மைலுக்கு டவுன் பஸ் விட்டார்கள். அன்றைக்குக் காலையில் ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் குளித்து, இருந்ததில் நல்ல துணியாக உடுத்தி, கோமளாவின் குழந்தையையும் தூக்கிக்கொண்டு, பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே, தங்கள் ஊர் நிறுத்தத்தை விட்டுவிட்டு, ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து முந்தைய நிறுத்தத்துக்குப் போய் நின்றார்கள். பஸ் வந்தது. இருநூற்று எழுபது பேரைப் பார்த்துக் கண்டக்டர் படிக்கட்டிலிருந்து இறங்கிவிட்டார்.

"எல்லாரும் எங்கம்மா போறீங்க?"

"எங்க ஊருக்கு," என்றாள் மாதம்மா.

"பக்கத்துலதானே இருக்குது, நடந்தே போயிடலாமே?"

"நடந்தது போதும் சார். எங்களுக்கு இறங்கணும்."

கண்டக்டருக்குப் புரிந்ததோ இல்லையோ, பஸ் ஐந்து நடை போனது. ஒவ்வொரு நடையிலும் பஸ் நிறையச் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாதம்மா கடைசி நடையில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வளைவு திரும்பியதும் கூரைகள் தெரிந்தன. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஆயிரம் ஊர்களின் பெயரைச் சொல்லிப் பழகிய அலுத்த குரலில், யாரையும் பார்க்காமல், பஸ்ஸின் நீளத்துக்குக் கேட்கும்படி சொன்னார்.

"ஒன்பதாம் மைல் இருக்கா, ஒன்பதாம் மைல்?"

"இருக்குது," என்று பஸ் முழுவதும் ஒரே குரலில் சொன்னது.